முற்றமே முதற்பள்ளி

(சங்கத்தின் ஆண்டு விழாவில், ஆகுர்டி வாழ் தமிழ்க் குடும்பங்களின் முன்னிலையில் இரயில்வே எழுத்தர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கல்வியைப் பற்றிப் பேசுமாறு நம் செயலாளர் என்னைக் கேட்டபோது நான் பெரிதும் தயங்கினேன். பத்தாம் வகுப்புத் தேறியவன் நான். அதற்குமேல் கல்லூரி வாயிலை மிதித்தவன் அல்லேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பயணச்சீட்டுச் சாளரத்தின் பின்னே அமர்ந்து சில்லறை எண்ணிக் கொடுக்கும் எழுத்தன். இந்த அவையில் பொறியாளர்கள் இருக்கிறார்கள், ஆசிரியைகள் இருக்கிறார்கள். அவர்கள் முன்னிலையில் நான் கல்வியைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போன்றதே. எனினும் ஒரு காரணம் பற்றி உடன்பட்டேன். பிழை செய்தவன் தன் பிழையைத் தானே எடுத்துரைத்தால், பிறர் அதே பள்ளத்தில் கால் வையாமல் தப்பலாம் அல்லவா?

சென்ற ஆண்டுப் பொங்கலை ஒட்டி நம் சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு மாலை வேளையில் தனிப்பயிற்சி வகுப்பு ஒன்று நடத்த வேண்டும். எழுத்தும் கணக்கும் ஆங்கிலப் பேச்சும் கற்பிக்க வேண்டும். அதற்குச் சங்க நிதியிலிருந்து ஒரு தொகை ஒதுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதில் கையொப்பமிட்டவர் பதினொருவர். அவருள் நானும் ஒருவன். அடுத்த மாதம் பொதுக்குழுவில் அது முடிவுக்கு வருகிறது. அதற்கு முன்னரே, உங்கள் அனைவரின் முன்னிலையில், என் கையொப்பத்தை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஏன் என்பதைச் சொல்வதே இவ்வுரையின் நோக்கம்.

என் மகளுக்கு அப்போது நான்கு வயது. அவளை ஒரு மழலையர் பள்ளியில் சேர்த்திருந்தேன். நாள்தோறும் நான்கு பக்கம் எழுதி வரவேண்டும் என்று வீட்டுப்பாடம் தருவார்கள். மாலையில் பணி முடிந்து திரும்பியதும் அவளை அமர்த்தி, அவள் கையின்மேல் என் கையை வைத்து அழுத்தி எழுத வைப்பேன். கோடு விலகினால் கோபம் வரும். ஒருநாள் கை ஓங்கியும் விட்டேன். அடுத்த சில நாட்களில் அவளுடைய நோட்டுப் புத்தகம் காணாமற் போயிற்று. புதிது வாங்கிக் கொடுத்தேன். பழையது ஒரு திங்கள் கழித்து அரிசி டின்னின் அடியிலிருந்து கிடைத்தது. அதைக்கூட நான் சிரித்துக்கொண்டே மறந்திருப்பேன். என்னால் மறக்க முடியாதது வேறொன்று. மாடிப்படியில் என் காலடி ஓசை கேட்டவுடன் அந்தக் குழந்தை போர்வையை இழுத்து மூடிக்கொண்டு உறங்குவதுபோல் கிடக்கத் தொடங்கினாள். தந்தை வீடு திரும்பும் நேரம் ஒரு குழந்தைக்கு அச்சம் தரும் நேரமாயிற்று. இதனைவிட ஒரு தகப்பனுக்கு நேரக்கூடிய தோல்வி யாது?

அச்சமயத்தில் ஊரிலிருந்து என் தாயார் மூன்று மாதம் தங்குவதற்காக வந்தார். அவர் மூன்றாம் வகுப்போடு நின்றவர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். மகள் எழுதும் காட்சியை ஒருநாள் பார்த்துவிட்டு, "குழந்தைக்குக் கை இன்னும் பஞ்சு மாதிரி இருக்கேடா, அதுக்குள்ள பென்சிலா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் முதல் அவர் தம் பேத்தியைத் தம் வேலைகளில் சேர்த்துக்கொண்டார். காலையில் முருங்கைக்கீரை ஆய்வார்கள். குளிர்காலமாதலால் நம் சந்தையில் பட்டாணி மலிந்திருந்தது. இருவரும் பட்டாணி உரிப்பார்கள். ஒரு காயில் எத்தனை மணி என்று எண்ணுவார்கள். துவரையும் பயறும் கலந்த தட்டை வைத்துக்கொண்டு பிரிப்பார்கள். துணி காய்ந்ததும் அப்பாவின் துணி, அம்மாவின் துணி, பாப்பாவின் துணி என்று பெரிதும் சிறிதுமாக அடுக்குவார்கள். மாலையில் ஊரிலிருந்து கொண்டுவந்த பல்லாங்குழிப் பலகை வெளியே வரும். விளக்கேற்றிய பின் கதை.

ஒரு நாளேனும் "படி" என்ற சொல்லை என் தாயார் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் இரண்டு மாதம் கழிவதற்குள் என் மகள் பதினான்கு குழிகளிலும் சோழி இட்டுத் தவறாமல் எண்ணினாள். வாசலில் பாட்டி அரிசிமாவால் கோலம் இட்ட பின், மிச்ச மாவில் "அ" என்று ஓர் எழுத்தை இழுத்துக் காட்ட, குழந்தை தானே பத்து முறை அதை இழுத்துப் பார்த்தாள். யாரும் அவள் கையைப் பிடிக்கவில்லை.

அன்பர்களே, இது பாட்டியின் கைமந்திரம் அன்று. இதற்குத் தக்க காரணங்கள் உள்ளன. நம் மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் இருக்கின்றன. குழந்தை பிறக்கும்போது அவை எலும்பாக இருப்பதில்லை; குருத்தெலும்பாகவே இருக்கின்றன. ஒவ்வொன்றாக முற்றி, பல ஆண்டுகள் கழித்தே அந்தப் பணி நிறைவு பெறுகிறது. என் தாயார் "பஞ்சு மாதிரி" என்று சொன்னது உடற்கூற்று நூலோடு முரண்படாத சொல். கீரை ஆய்வதும் பட்டாணி உரிப்பதும் மாவைக் கிள்ளிக் கோலமிடுவதும் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் பழக்குகின்றன. பின்னர் எழுதுகோலைப் பற்றப்போவதும் அதே விரல்கள்தாமே! கணக்கும் அவ்வாறே. ஒன்று, இரண்டு, மூன்று என்று வாயால் ஒப்பிப்பது பாட்டு. ஒரு குழிக்கு ஒரு சோழியாக இட்டு எண்ணுவதே கணக்கு. எங்கள் வீட்டில் முதலாவது இருந்தது, இரண்டாவது இல்லாதிருந்தது.

மரியா மாண்டிசோரி அம்மையாரின் பெயரை நீங்கள் அறிவீர்கள். இத்தாலி நாட்டின் மருத்துவரான அவர், 1907-ஆம் ஆண்டு உரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். 1939-இல் அவர் சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர் மூண்டதால் நாடு திரும்ப இயலாமல் 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார். கொடைக்கானலிலும் சில காலம் வாழ்ந்தார். அவருடைய முறையில் குழந்தைக்கு முதலில் தரப்படுவது புத்தகம் அன்று. நீர் ஊற்றுதல், பொத்தான் மாட்டுதல், மேசை துடைத்தல், துணி மடித்தல் ஆகிய இல்லப் பணிகளே அங்கே முதற்பாடங்கள். நம் வீட்டுப் பெண்கள் சம்பளம் இன்றிச் செய்யும் வேலையைத்தான் அந்த அம்மையார் பாடத்திட்டம் ஆக்கினார்.

ஆனால் மாண்டிசோரி முறைக்கு உரிய மரச் சாதனங்கள் விலை மிகுந்தவை. அவற்றை வாங்க இயலாத ஏழைக் குழந்தை என்ன செய்வது? இந்த வினாவுக்கு விடை கண்டவர்கள் நாம் பிழைக்க வந்துள்ள இந்த மராட்டிய மண்ணின் இரு பெண்மணிகள். அவர்களுடைய வரலாற்றை நம் குழந்தைகள் அறிய வேண்டும்.

முதலாமவர் தாராபாய் மோடக். 1892-இல் பிறந்தவர். குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா 1920-இல் தொடங்கிய குழந்தைப் பள்ளியில் அவருடன் சேர்ந்து உழைத்தார். 1926-இல் அவ்விருவரும் நூதன பால சிட்சண சங்கத்தை நிறுவுவதில் முன்னின்றனர். பின்னர் மும்பையின் தாதர்ப் பகுதியில் சிசு விஹார் என்னும் நிறுவனத்தை நடத்தினார். நகரத்துப் பள்ளி நன்றாக நடந்துகொண்டிருந்தது, புகழும் இருந்தது. அதோடு அவர் நின்றிருக்கலாம். ஆனால் 1945-இல், தம் ஐம்பதாம் அகவையைக் கடந்த பின்னர், பால்கர் வட்டாரத்துக் கடற்கரைச் சிற்றூரான போர்டிக்குச் சென்றார்.

அங்கே அவருடன் இணைந்தவர் அனுதாய் வாக். அவர் 1910-இல் நம் புனே மாவட்டத்து மோர்காவில் பிறந்தவர். அட்டவிநாயகத் தலங்களில் முதலாவதாகிய மோர்காவுக்கு நம்மில் பலர் சென்று வந்திருக்கிறோம். அந்த ஊர்ப் பெண். சிறு பிராயத்திலேயே மணம் செய்விக்கப்பட்டு, சில மாதங்களிலேயே கைம்மை எய்தியவர். அக்காலத்தில் அத்தகைய பெண்ணுக்கு வீட்டின் பின்கட்டே உலகம். அவரோ படித்து ஆசிரியை ஆனார்.

போர்டியில் இருவரும் பள்ளியைத் திறந்தனர். குழந்தைகள் வரவில்லை. பெரிய குழந்தை தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆடு மாடு மேய்க்க வேண்டும். பிறகு எப்படி வரும்? நம்மைப் போன்றோராயின் பெற்றோரின் அறியாமையை நொந்துகொண்டு கதவைச் சாத்தியிருப்போம். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. குழந்தை பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி குழந்தையிடம் செல்லட்டும் என்று முடிவு செய்து, ஏழைகள் வாழும் பகுதிகளின் முற்றங்களுக்கே சென்றனர். முதலில் குழந்தைகளைக் குளிப்பாட்டித் தலைவாரினர். கீழே கிடக்கும் கூழாங்கல், விதை, கிளிஞ்சல், இலை, பூ ஆகியவற்றையே கற்பிக்கும் கருவிகளாக்கினர். கிளிஞ்சலை எண்ணினால் கணக்கு. இலைகளை அளவுப்படி அடுக்கினால் ஒழுங்கு. பூவின் நிறத்தைச் சொன்னால் மொழி. மராட்டியில் "அங்கண்" என்றால் முற்றம். முற்றத்தை அங்கணம் என்று சொல்லும் வழக்கு தமிழிலும் உண்டு. அந்த முற்றத்துப் பள்ளிக்கு "அங்கன்வாடி" என்னும் பெயர் வழங்கலாயிற்று.

1957-இல் அவர்கள் கோஸ்பாட் குன்றுக்கு இடம்பெயர்ந்து, வார்லிப் பழங்குடி மக்களிடையே விகாஸ்வாடி என்ற நிலையத்தை வளர்த்தனர். பகலில் மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்காக மேய்ச்சல் நிலத்திலேயே பள்ளி நடத்தினர். 1962-இல் தாராபாய்க்குப் பத்மபூஷண் விருது வந்தது. 1973-இல் அவர் மறைந்த பின் அனுதாய் அப்பணியைத் தொடர்ந்தார். அவருக்கு 1985-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. 1992-இல் அவர் மறைந்தார். 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், நடுவண் அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தை 33 வட்டாரங்களில் தொடங்கியபோது, அதன் நிலையங்களும் அங்கன்வாடி என்றே பெயர் பெற்றன. நம் தமிழ்நாட்டில் 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம், பள்ளி வயதை எட்டாத சிறார்க்கும் அத்தகைய நிலையங்களில் உணவளித்தது. இன்று நாடெங்கும் கோடிக்கணக்கான குழந்தைகள் அறிந்த அச்சொல், கையில் காசில்லாத இரு பெண்மணிகள் ஏழையின் முற்றத்தில் கண்டெடுத்த சொல் என்பதை நாம் மறத்தலாகாது.

இனி நம் முற்றத்திற்கு வருவோம். நமக்கு முற்றம் இல்லை, மூன்றாம் மாடியில் இரண்டு அறைதான் உள்ளது என்று சிலர் சொல்லக்கூடும். அடுக்களை இருக்கிறதல்லவா? சப்பாத்தி மாவு பிசையும்போது ஓர் உருண்டையைக் குழந்தையிடம் கொடுங்கள். உழக்கால் அரிசி அளக்கும்போது அதையும் அளக்க விடுங்கள். இட்லித் தட்டில் எத்தனை குழி என்று கேளுங்கள். சிறிது சிந்தும், துடைக்கச் சொல்லுங்கள், துடைப்பதும் ஒரு பாடமே.

கோலத்தை எளிதாக எண்ணாதீர்கள். தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கணித அறிஞரான கிப்ட் சிரோமணியும் அவருடைய துணைவியாரும் 1970-களில் நம் பெண்களிடம் கோலங்களைத் திரட்டி, கணிப்பொறி இலக்கணங்களோடு அவற்றை ஒப்பிட்டு ஆராய்ந்தனர். உலகத்துக் கணிப்பொறி அறிஞர்கள் கோலம் என்ற தமிழ்ச் சொல்லை அவ்வாறு அறிந்துகொண்டனர். புள்ளியைச் சுற்றி வளைத்து, தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும் கோட்டில் அத்துணை அறிவு பொதிந்திருக்கிறது. நாமோ வாசலில் ஒட்டும் கோலத் தாளைக் கடையில் வாங்கி ஒட்டிவிட்டு, குழந்தையை வடிவக் கணிதம் கற்க அனுப்புகிறோம்!

சந்தைக்குச் செல்லும்போது குழந்தையையும் அழைத்துச் செல்லுங்கள். காய்கறி விற்கும் அம்மாள் "ஏக், தோன், தீன், சார்" என்று எலுமிச்சை எண்ணிப் போடுவார். நம் குழந்தை "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு" என்று உடன் எண்ணட்டும். இரு மொழியில் எண்ணினும் பழம் நான்குதான் என்று அறிந்துகொள்வது சிறிய அறிவன்று.

என் தொழிலைப் பற்றி ஒரு சொல் கூற அனுமதியுங்கள். இந்த ஆகுர்டியிலிருந்து புனே செல்லும் உள்ளூர் வண்டியில் ஏறினால் சிஞ்ச்வட், பிம்ப்ரி, காசர்வாடி, தாபோடி, கட்கி, சிவாஜி நகர், புனே என ஏழு நிலையங்கள். நான் என் மகளுக்கு ஏழு புளியங்கொட்டைகளைக் கொடுத்துவிடுவேன். ஒரு நிலையம் கடந்தால் ஒரு கொட்டை என் சட்டைப்பைக்கு வரும். "இன்னும் எத்தனை?" என்பேன். கையைத் திறந்து பார்த்துச் சொல்வாள். கழித்தல் கணக்கு என்ற பெயரை அவளிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை.

சென்ற கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றோம். தவுண்டும் சோலாப்பூரும் வரையில் மஞ்சள் பலகைகளில் நாகரி எழுத்து. வாடியில், ராய்ச்சூரில் கன்னட எழுத்து. குண்டக்கல்லிலும் கடப்பையிலும் தெலுங்கு எழுத்து. ஒவ்வொரு பலகையையும் பார்த்து, "இது வேற மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அரக்கோணத்தில் வண்டி நின்றது. பலகையைப் பார்த்தவள் துள்ளி எழுந்து, "அப்பா, பாட்டி கோலத்துல போட்ட எழுத்து!" என்று கூவினாள். அரக்கோணம் என்ற பெயரின் முதலெழுத்து "அ". அந்தப் பெட்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் முகத்தைச் சாளரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

சிலர் சில தடைகளைக் கூறுவர். அவற்றையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். "பள்ளியில் இடம் வேண்டுமே, நேர்காணலில் கேட்பார்களே" என்பது ஒன்று. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளியில் சேர்க்கும்போது குழந்தையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டலாகாது என்று தடுக்கிறது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையைப் பற்றி நம்மிடையே பல கருத்து வேறுபாடுகள் உண்டு. அவற்றுள் நான் புகவில்லை. ஆயினும், மூளை வளர்ச்சியில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் ஆறு வயதுக்கு முன்னரே நிகழ்கிறது என்று சொல்லும் அந்த ஆவணம், அவ்வயதுக்கு உரியது விளையாட்டும் செயலும் வழியான கல்வியே என்றும் சொல்கிறது. முதற் பகுதியை மட்டும் படித்துவிட்டுப் பயிற்சி வகுப்புக்கு ஓடுகிறோம். இரண்டாம் பகுதியைப் படிப்பதில்லை.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்பது மற்றொரு தடை. பழமொழி மெய்யே. ஆனால் இளங்கொம்பை வளைப்பவன் வெயிலும் நீரும் பார்த்து மெல்ல வளைப்பான். நானோ ஒடிக்கப் பார்த்தேன்.

"ஆங்கிலம் வேண்டாமா?" என்பது மூன்றாவது. வேண்டும். மராட்டியும் வேண்டும், சோறிடும் ஊரின் மொழியை மதியாதவன் நன்றியுடையவன் அல்லன். அவையெல்லாம் தெருவிலும் பள்ளியிலும் வந்து சேரும். தமிழ் மட்டும் வீட்டில் வராவிட்டால் வேறெங்கும் வராது. வீட்டில் நாம் திக்கித் திக்கிப் பேசும் ஆங்கிலத்தால் குழந்தைக்கு ஆங்கிலமும் நிரம்பாது. பாட்டியின் கதையும் புரியாது. கதை கேட்டுச் சொல்வளம் பெற்ற குழந்தை எந்த மொழியையும் எளிதில் பற்றிக்கொள்ளும்.

"நேரம் எங்கே?" என்பது கடைசித் தடை. அதுவே உண்மையான தடை. இரவுப் பணி, முறைப் பணி, இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பம் ஆகியவற்றை நான் அறியாதவன் அல்லேன். களைத்து வருபவர் கைப்பேசியைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டுச் சற்றுச் சாய்ந்தால் அவரை நான் பழிக்க மாட்டேன், நானும் கொடுத்தவனே. ஆனால் நான் சொல்லும் வேலைகளுக்குத் தனி நேரம் வேண்டியதில்லை. கீரை எப்படியும் ஆய வேண்டும். துணி எப்படியும் மடிக்க வேண்டும். செய்கிற வேலையில் குழந்தைக்கு ஓர் ஓரம் ஒதுக்கி, செய்வதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு செய்தால் போதும். வேலை சற்றுத் தாமதமாகும், அவ்வளவே.

எழுத்தே வேண்டாம் என்று நான் கூறுவதாக எவரும் எண்ணலாகாது. உரிய வயதில் எழுத்தும் வேண்டும், ஏடும் வேண்டும், நல்லாசிரியரும் வேண்டும். நிலத்தை உழுத பின் விதைக்கலாம் என்பதே என் வேண்டுகோள்.

ஆகவே, பொதுக்குழுவின்முன் நான் வைக்கும் மாற்று யோசனை இது. அத்தொகையைத் தனிப்பயிற்சிக்குச் செலவிட வேண்டாம். ஞாயிறுதோறும் காலை ஒன்பது மணிமுதல் பதினொரு மணிவரை நம் சங்கத் தாழ்வாரத்தைக் குழந்தைகளுக்குத் திறந்துவிடுவோம். இரண்டு பாய், நான்கு பல்லாங்குழிப் பலகை, ஒரு தொட்டி மணல், நல்ல படங்களுள்ள தமிழ்க் கதைப் புத்தகங்கள் ஆகியவற்றை வாங்குவோம். புளியங்கொட்டையும் சோழியும் காலி டப்பாக்களும் வீட்டிலிருந்து வரட்டும். முறை வைத்து இரண்டு பெற்றோர் உடன் இருக்கட்டும், தந்தையரும் வரவேண்டும். ஊரிலிருந்து வந்து, பேச்சுத் துணையின்றிப் பகலெல்லாம் சன்னலோரம் அமர்ந்திருக்கும் நம் தாய் தந்தையரே அங்கே ஆசிரியர்கள் ஆகட்டும். அண்டை வீட்டு மராட்டியக் குழந்தைகளும் வரலாம். முதல் ஞாயிற்றின் முறையை நான் ஏற்கிறேன்.

என் தாயார் ஊருக்குத் திரும்பிவிட்டார். பல்லாங்குழிப் பலகையை மட்டும் எங்களிடம் விட்டுச் சென்றிருக்கிறார். இப்போது நான் பணி முடிந்து படியேறும்போது என் மகள் உறங்குவதில்லை. பலகையைப் பரப்பி, எனக்குரிய ஏழு குழிகளிலும் சோழிகளை இட்டு வைத்துக் காத்திருக்கிறாள். பெரும்பாலும் நான்தான் தோற்கிறேன். அந்தத் தோல்வியை உங்கள் அனைவருக்கும் வேண்டி, என் உரையை முடித்துக்கொள்கிறேன்.